இரண்டாவது மெழுகுக் கட்டி

1

நேற்று முன்தினம் எனக்கு இரண்டாவது மெழுகுக் கட்டி வந்து சேர்ந்தது.

புத்தளம் பாலாவியைச் சேர்ந்த, இங்கே ஸ்வீடனில் இருக்கும் ஒரு தம்பதி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். வேலை முடிந்து வரும் வழியில் ரயில் நிலையத்தில் வைத்துப் பையைக் கையில் தந்தார்கள். உள்ளே சூடைக் கருவாடு, மாசிச் சம்பல் ஒரு போத்தல், ஒரு பழைய பால்மா டின். டின்னுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் சின்ன பிளாஸ்டிக் சட்டம், சட்டத்தில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மெழுகுத் துண்டு. மெழுகின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. வேறு யாரும் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று வீசிவிடுவார்கள். எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்தது. அந்தப் பொட்டு ஒரு மனிதரின் மூளைக்குள்ளிருந்து எடுத்த கட்டியின் ஒரு பகுதி. சத்திரசிகிச்சையில் எடுப்பதை இப்படி மெழுகில் புதைத்துப் பாதுகாப்பார்கள். வேறொரு இடத்தில் காட்டி அபிப்பிராயம் கேட்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் குடும்பத்தாரின் கையிலேயே அதைத் தருவார்கள்.

கூடவே ஒரு கடிதமும் இருந்தது. கோடு போட்ட கொப்பித் தாளில் எழுதியது.

“அன்புள்ள ஸுபைதா ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் கற்பிட்டி றிஸானா. உங்கள் தம்பி நிஸாரின் மனைவி நஸ்ரினுக்கு ஒரு வழியில் சொந்தம். என் மகள் ஸைனபுக்கு வயது பத்தொன்பது. தலையில் கட்டி என்று ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். அந்தத் துண்டைத்தான் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தம்பிக்குப் பார்த்துச் செய்தது போல என் பிள்ளைக்கும் பார்த்துச் செய்யுங்கள். கரண்ட் பிடிக்க இந்த மாதக் கடைசிக்குத் திகதி தந்திருக்கிறார்கள். உங்களுடைய முடிவு வரும்வரைக்கும் அதைத் தள்ளிப் போடலாம் என்று இருக்கிறோம்.”

கரண்ட் பிடிப்பது என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கதிர்ச் சிகிச்சையை. கடைசி வரியை நான் மூன்று முறை வாசித்தேன். ரயில் வந்தது, போனது. அடுத்த ரயிலிலும் நான் ஏறவில்லை.

இதை ஊரில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். என் தம்பிக்கு நான் என்ன செய்தேன் என்று றிஸானாவுக்குச் சொல்வதற்கு முன்னால், அதை எங்காவது ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கலியாணம் முடித்து ஸ்வீடனுக்கு வந்தேன். மொழி படித்தேன், முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன், பிறகு ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் மூளைக் கட்டிகளை ஆராய்கிற ஒரு குழுவில் இருக்கிறேன். மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் பொருத்தி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போடுவதுதான் என் வேலை. அதைப் பார்த்துப் பொருள் சொல்பவர்கள் வேறு ஆட்கள். மொத்தத்தில் நான் தோல் உரிப்பவள், சமைப்பவள் இல்லை.

ஆனால் உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? எனக்கு வேலை கிடைத்த செய்தியை உம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்லும்போது “மூளைக் கட்டிய ஆராய்ச்சி செய்ற எடத்துல வேல” என்று சரியாகத்தான் சொன்னார். அது நுரைச்சோலையிலிருந்து ஆலங்குடாவுக்குப் போவதற்குள் “மூளைக் கட்டிக்கு மருந்து கண்டுபிடிக்கிற டாக்டர்” ஆகிவிட்டது. நானும் திருத்தவில்லை. ஒரு விடுமுறையில் யாரோ “டாக்டரம்மா” என்று கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

எங்கள் குழு பார்ப்பது கட்டியைக்கூட இல்லை. கட்டிக்குள் ஓடுகிற மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை வெளிப்பக்கத்திலிருந்து பற்றிக்கொண்டிருக்கும் துணைக் கலங்களை, அதாவது செல்களைத்தான். பெரிசைட் என்பது அவற்றின் பெயர். தம்பி தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பார்த்திருப்பீர்கள். பிடி இறுகினால் தண்ணீர் குறையும், விட்டால் குழாய் துள்ளித் துள்ளி மண்ணையெல்லாம் அரித்துவிடும். பெரிசைட்டும் குழாயைப் பிடித்திருக்கும் கை போலத்தான். நல்ல மூளையில் அந்தக் கைகள் ஒழுங்காக நிற்கும். இரத்தத்தில் வருகிற எது உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

கட்டிக்குள் கதை வேறு. ஒரே ஒரு சாயம் போட்டுப் பார்த்தால் எல்லாக் கைகளும் ஒரே மாதிரித் தெரியும். இரண்டு, மூன்று, நான்கு சாயங்கள் போட்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் என்று தெரியவரும். சில குழாயை இறுகப் பிடித்து மருந்தை உள்ளே விடுவதில்லை. சில பிடியை விட்டுவிடுவதால் நீர் கசிந்து வீக்கம் வரும். சில கட்டிக்கே ஒத்தாசை செய்யும். சில, உடம்பின் காவல் கலங்கள் வந்தால் அவற்றை அடக்கிவிடும். எல்லாம் ஒரே தலைக்குள், ஒரே கட்டிக்குள், சில வேளை ஒரே குழாயின் இரண்டு பக்கத்தில். ஒரு வகையை அடித்தால் கட்டி சுருங்குமா, இல்லை இன்னும் மூர்க்கமாகுமா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. எத்தனை வகை இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான் நிற்கிறோம். இதிலிருந்து ஒரு நோயாளிக்கு மருந்து வருவதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டால் எங்கள் பேராசிரியை சிரிக்கமாட்டார், தோளைக் குலுக்குவார்.

இவ்வளவையும் நான் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லாமல் இல்லை.

3

நிஸார் எனக்கு நான்கு வயது இளையவன். நுரைச்சோலையில் மணல் தோட்டம், வெங்காயமும் பீட்றூட்டும். வாயாடி. சந்தைக்கு லொறி ஏற்ற வருகிறவன்கூட அவனுடைய கதையைக் கேட்டு அரை மணித்தியாலம் பிந்திப் போவான். போன வருடம் ஒரு நாள் தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். பாத்தி முழுக்கக் குளமாகிவிட்டது. நஸ்ரின் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்து ஏசியிருக்கிறாள். இவன், “என்னத்த நிப்பாட்டின?” என்று கேட்டானாம். மோட்டர் என்ற சொல் அவனுக்கு வரவில்லை. ஒரு கிழமைக்குள் புத்தளம், அங்கிருந்து கொழும்பு, ஸ்கேன், ஒப்பரேஷன்.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நஸ்ரின் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் வீட்டில் தனியாகக் கதைக்கிற வழக்கம் கிடையாது. எடுத்தால் முழு வீடும் கேட்கும், அயலும் கேட்கும்.

“ராத்தா, ஒண்டுக்கும் பயப்பட வேணாம்,” என்றான் தம்பி. நோய் அவனுக்கு, ஆறுதல் எனக்கு. “துண்ட வாங்கி அனுப்பிட்டோம். ஒங்கட கைக்கு வந்தாச் சரி.”

“என்ன துண்டு?”

“மண்டைக்குள்ள இருந்து எடுத்த துண்டுதான். நஸ்ரின் எழுதிக் குடுத்து வாங்கினா. ஒங்கட ஆளுகள்ட காட்டுங்க. நீங்க உள்ளுக்கு இரிக்கிற ஆள்தானே.”

எங்கள் பக்கத்தில் எந்த வேலைக்கும் உள்ளுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அரசாங்கக் கச்சேரியில் ஒரு மச்சான், மின்சார சபையில் ஒரு சாச்சா மகன், ஆஸ்பத்திரியில் ஒரு தெரிந்த நர்ஸ் மிஸ். வரிசையில் நிற்பது ஆள் இல்லாதவனுக்கு. தெரிந்த ஆள் பைலைக் கையில் வாங்கிவிட்டாரென்றால் நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்போம். அவர் வாங்கினால் முடித்த மாதிரி. முடிக்க முடியாவிட்டால் அவர் கையே நீட்டியிருக்கமாட்டார்.

ஒரு மாதத்தில் துண்டு வந்தது. அப்போதும் பஞ்சு, அப்போதும் பால்மா டின்.

“கெடச்சிச்சா ராத்தா?”

“கெடச்சிச்சு,” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். ஒரு சொல். நஸ்ரின் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொன்னது கேட்டது. பின்னால் இன்னும் யார் யாரோ சொன்னார்கள். அந்த அல்ஹம்துலில்லாஹ்வுக்கு மேலால் நான் எப்படி “இதால ஒரு பிரயோசனமும் இல்லை” என்று சொல்வது? அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டேன்.

4

என் மகளுக்குப் பதினேழு வயது. தமிழ் விளங்கும், பேசுவது அரைகுறை. இந்த நாட்டில் பிரதம மந்திரிக்கும் பூனைக்கும் ஒரே “நீ”தான். அந்தப் பழக்கத்தில் அவள் தமிழிலும் எல்லாரையும் “நீ” என்பாள். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் நான் அவளைக் கண்ணால் அதட்டி அறைக்குள் அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அனுப்ப மறந்துவிட்டேன்.

அவளுக்கு மாமாவை இரண்டு விடுமுறைகளில் பார்த்த பழக்கம்தான். ஆனாலும் விருப்பம். தொலைபேசிக்குக் கிட்ட வந்து, “மாமா, நீ சாகப் போறியா?” என்று கேட்டாள்.

   நான் அவளுடைய வாயைப் பொத்தப் போனேன். தம்பிதான் முதலில் சிரித்தான்.

“அது அல்லாட கையில மகள்,” என்றான். “மிச்சம் ஒங்கட உம்மாட கையில.”

அழைப்பு முடிந்ததும் அவள் ஸ்வீடிஷில் கேட்டாள், “உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியுமா?”

“சொல்லுவேன்.”

“ஏன் இப்போது சொல்லவில்லை?”

“உனக்கு விளங்காது,” என்றேன். பிள்ளைகளிடம் பதில் இல்லாதபோது நாம் சொல்வது இதைத்தானே. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கியிருந்தது. எனக்கும் அது தெரியும். எங்களுடைய பிள்ளைகள் எங்களை விட்டுத் தூரமாகப் போகிறார்கள் என்று இங்கே ஊர்ச் சனம் கூடும்போது நாங்கள் புலம்புவோம். அன்றைக்கு அவள் நின்ற இடம் சரியான இடம், தூரமாக நின்றது நான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவனை இங்கே கொண்டுவந்து வைத்தியம் பார்க்கலாமா என்று ஒரு கிழமை முழுக்கத் தேநீர் இடைவேளைகளில் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதிவுக் குரல் முதலில் கேட்பது அடையாள எண்ணை. அவனுக்கு இந்த நாட்டில் எண் கிடையாது. எண் இல்லாதவர் குறித்து அழைப்பவர்கள் ஒன்பதை அழுத்தவும். ஒன்பதை அழுத்தினால் ஒரு படிவத்தின் முகவரி சொல்வார்கள். படிவத்தின் முதல் கட்டத்தில் மறுபடியும் எண் கேட்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் உயிருள்ள குரலில் கிடைத்தாள். அவசரத்தில் எனக்கு ஸ்வீடிஷ் தடுமாறி, நோயாளி நானே என்பது போலச் சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் “உட்கார்ந்திருக்கிறீர்களா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. திருத்திச் சொன்னதும் அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும், வழி இல்லை என்றாள்.

5

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் நேரத்தோடு போய்விட்டார்கள். நான் தம்பியின் துண்டை இயந்திரத்தில் வைத்தேன்.

அது பிழை. எங்களிடம் வரும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் உண்டு, நோயாளி கையெழுத்து வைத்த சம்மதம் உண்டு. இதற்கு எண்ணும் இல்லை, சம்மதமும் இல்லை, கருவாட்டு வாசம் மட்டும் இருந்தது. முதல் சீவல் கிழிந்துவிட்டது. பல வருடமாக எனக்குச் சீவல் கிழிந்தது கிடையாது. இரண்டாவதைத் தகட்டில் ஏற்றினேன். சாயம் போட்டு, ஊற வைத்து, திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நுணுக்குக்காட்டிக்குக் கீழ் வைத்தேன்.

அழகாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. கறுப்பில் பச்சை, சிவப்பு, மஞ்சள். குழாய்கள் வளைந்து நெளிந்து போயின. அவற்றைப் பற்றியபடி கைகள், ஒவ்வொன்றும் ஒரு வகை. இறுகப் பிடித்தவை இருந்தன. விட்டுவிட்டு விலகி நின்றவை இருந்தன. நாங்கள் மாதக் கணக்காகத் தேடிக்கொண்டிருந்த ஒரு வகை அங்கே கூட்டமாக இருந்தது. பழக்கதோஷத்தில் “நல்ல மாதிரி” என்று மனசு ஒருமுறை குதித்தது. அடுத்த நொடி, இது நிஸாருடைய தலை என்று நினைவு வந்தது.

பேராசிரியை பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

“நன்றாக வந்திருக்கிறது. எந்த எண்?”

“எண் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவருடையது.”

தம்பி என்று சொல்லவில்லை. தெரிந்த ஒருவர். அவனுக்கு நான் உள்ளுக்கு இருக்கும் ஆள், எனக்கு அவன் தெரிந்த ஒருவர்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஸுபைதா, இதைப் பார்த்து அவருக்கு நாம் எதுவும் சொல்ல முடியாது. இத்தனை வகை இருக்கிறது என்று சொல்லலாம். அதை வைத்து அவருக்கு எந்த வைத்தியமும் மாறாது. அவருடைய டாக்டர்கள் கொடுக்கும் சிகிச்சையைத் தாமதிக்காமல் எடுப்பதுதான் ஒரே வழி. அதை அவரிடம் சொல்லிவிட்டாயா?”

“சொல்கிறேன்,” என்றேன். அந்த வருடம் முழுக்க நான் எல்லாருக்கும் சொன்ன பதில் அதுதான்.

அவனுடைய கட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து, உலகத்தில் வெகு சிலரே பார்க்கக்கூடியதைக் கண்ணால் பார்த்தும், தலையிடிக்குப் போடும் ஒரு பனடோல் அளவுக்குக்கூட அவனுக்கு உதவ முடியவில்லை. படிக்காமல் நுரைச்சோலையிலேயே இருந்திருந்தால் அவனுடைய காலையாவது பிடித்துவிட்டிருப்பேன்.

6

அன்றைக்கே அழைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று தாளில்கூட எழுதி வைத்திருந்தேன்.

“நஸ்ரின், கரண்ட் பிடிக்கிறது எந்தளவுல இரிக்கி?”

“அது போன மாசமே திகதி வந்திச்சு மதினி. நாங்க போகல்ல.”

“என்ன?”

“நீங்க பாத்துக்கிட்டு இரிக்கீங்கதானே. ஒங்கட முடிவு வந்தாப் பொறவு வாறோம், வேற திகதி தாங்க எண்டு சொல்லிட்டோம். கரண்ட் புடிச்சா ஆள் எரிஞ்சி போவாங்களாம். ஒங்கட மருந்து வந்தா அது தேவப்படாதே எண்டு இவரும் சொன்னாரு.”

நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தேன். அதில் இருந்த எந்த வரியும் உதவவில்லை. கத்தினேன். நாளைக்கே போங்கள், முதல் பஸ்ஸில் போங்கள் என்று கத்தினேன். அவள் பயந்துபோனாள். போனார்கள். ஆனால் அதற்குள் வீக்கம் திரும்பி வந்திருந்தது, வலது கை செயலிழந்து விழத் தொடங்கியிருந்தது. முதலில் திட்டமிட்ட அளவுக்கு இப்போது கொடுக்க முடியாது என்று குறைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கிழமைகள் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். அந்தக் கணக்கை நான்தான் தினமும் போட்டுப் பார்க்கிறேன்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. ஏதாவது அனுப்ப வேண்டும் போல இருந்தது. இங்கே கடையில் விற்கும் சாதாரண விட்டமின் குளிசை இரண்டு போத்தல் அனுப்பினேன். “சத்துக்கு” என்றுதான் சொன்னேன். போத்தலில் இருந்ததோ ஸ்வீடிஷ் எழுத்து. தம்பி அதை அலுமாரிக்கு மேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தான். சுகம் விசாரிக்க வருபவர்களிடம் போத்தலைக் காட்டி, “ராத்தாட மருந்து. அவங்கட எடத்துல செஞ்சது. டொக்டர்மார் ஆறு மாசம் எண்டு சொன்னாங்க, இப்ப பாருங்க, கதிரையில இரிக்கேன்,” என்று சொல்லியிருக்கிறான். பேச்சு உடைந்து உடைந்து வரும் நாட்களிலும் இந்தக் கதையை மட்டும் முழுதாகச் சொல்வானாம். நஸ்ரின் பெருமையாகத்தான் எனக்குச் சொன்னாள்.

அவன் அதை நம்பினானா, இல்லை, ராத்தாவால்தான் திகதி தப்பியது என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தானா என்பது எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், அந்தக் கதைதான் கற்பிட்டிக்குப் போய், றிஸானாவின் காதில் விழுந்து, ஒரு பால்மா டின்னாக என்னிடம் வந்திருக்கிறது. ஸைனபுக்குப் பத்தொன்பது வயது. திகதி அடுத்த கிழமை.

7

மேலே உள்ளதை எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

றிஸானாவின் கடிதத்தில் தொலைபேசி எண் இல்லை. எழுதிய அந்தக் கிழமையே, சனிக்கிழமை காலை, அங்கே நண்பகல் லுஹர் தொழுது முடிந்திருக்கும் நேரம், நஸ்ரினுக்கு எடுத்தேன். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு றிஸானாவிடம் தனியாகக் கதைக்கலாம் என்பது என் எண்ணம்.

“றிஸானா இங்கதான் இரிக்கா மதினி. இவரப் பாக்க வந்தவ. இந்தா, ஸ்பீக்கர்ல போடுறேன்.”

“போடாத நஸ்ரின்,” என்று சொல்வதற்குள் போட்டுவிட்டாள்.

“ராத்தா, துண்டு கெடச்சிச்சா?”

றிஸானாவின் குரலில் அதே கேள்வி. இந்த முறை நான் அந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை.

“கெடச்சிச்சு. றிஸானா, நான் சொல்றதக் கேளுங்க. குடுத்த திகதிக்குப் போங்க. ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க.”

“நீங்க பாத்துச் சொன்னாப் பொறவு...”

“நான் பாக்க மாட்டேன். பாத்தாலும் ஒண்டும் சொல்ல ஏலாது. நான் டொக்டர் இல்ல. எங்கட எடத்துல இதுக்கு மருந்தும் இல்ல.”

 அவள் மெதுவாகக் கேட்டாள். கோபம் இல்லை, கெஞ்சல்தான்.

“நாங்க ஏதும் பிழையாக் கேட்டுட்டோமா ராத்தா? தம்பிக்குச் செஞ்சீங்கதானே. எங்கட புள்ளைக்கு மட்டும் ஏன் ஏலாது? நாங்க சொந்தக்காரங்கதானே.”

நிஸார் அந்த அறையில், யன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பான் என்பது எனக்குத் தெரியும். அலுமாரிக்கு மேல் போத்தல் இருக்கும் என்பதும் தெரியும். நல்ல பொய் ஒன்று கிடைக்குமா என்று யோசித்தேன். தம்பிக்கு வேறு வகைக் கட்டி, அதற்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் நம்பிவிட்டு, வேறு யாரிடமாவது கேட்டுப் பார்ப்போம் என்று இன்னும் இரண்டு கிழமை காத்திருப்பாள்.

“தம்பிக்கும் நான் ஒண்டும் செய்யல்ல,” என்றேன். “அது சும்மா விட்டமின் குளிசை. இங்க கடையில எல்லாரும் வாங்குறது. அவன்ட துண்ட வாங்கி வெச்சிக்கிட்டு நான் வாயத் தொறக்கல்ல. என்னப் பாத்துக்கிட்டு இருந்துதான் அவன்ட திகதி தப்பிச்சு. ஒங்கட புள்ளைக்கும் அப்பிடி ஆக வேணாம். போங்க.”

யாரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லவில்லை.  பிறகு தம்பியின் குரல். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

“ஏன்... ராத்தா...” என்றான். “நான் ஒங்களப் பத்தி... நல்லாச்... சொல்லி வெச்சிருந்தேனே.”

“நிஸார்,” என்றேன். “நிஸார், கேளு...”  ஸ்பீக்கர் நின்றது. நஸ்ரின் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, “அவரு அழுறாரு மதினி, பொறவு எடுக்கிறேன்,” என்றாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த திகதிக்கே ஸைனப் போனாள். கரண்ட் பிடிக்கத் தொடங்கியாயிற்று, தலைமுடி கொட்டுகிறது, சாப்பிடுகிறாள் என்று நஸ்ரின் செய்தி அனுப்பியிருந்தாள். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

தம்பி அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் எடுக்கும்போதெல்லாம் நஸ்ரின் தொலைபேசியை அவனுடைய காதில் வைக்கிறாள். மூச்சு விடுவது கேட்கிறது. சலாம் சொல்கிறேன், பதில் இல்லை. பேச்சு முழுதாக நின்று போகும் நாள் வரும் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவனால் கதைக்க முடியவில்லையா, என்னோடு கதைக்க விருப்பம் இல்லையா என்று நஸ்ரினிடம் ஒரு சொல் கேட்டால் தெரிந்துவிடும். எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை.